இடத்தோடு எடுங்கள்: கேமரா தூக்கும் ஜங்லிகாட் பிள்ளைகளுக்குச் சில அறிவுரைகள்

அந்தமானில் நம் ஜங்லிகாட் பகுதியில் கேமரா வாங்கும் பிள்ளைகளுக்கு இரண்டு ஆசைகள் இருக்கின்றன. ஊரில் மிச்சமிருக்கும் பழைய அம்பாசடர்களையும் ஜீப்புகளையும் எடுக்க வேண்டும். சிப்பிகாட் சதுப்பிலும் வண்டூர் பக்கமும் போய்ப் பறவைகளை எடுக்க வேண்டும். இரண்டும் நல்ல ஆசைதான். ஆனால் வருகிற பிள்ளை எல்லாம் முதலில் கேட்பது, "எந்த லென்ஸ் வாங்கலாம்?" என்றுதான். அதற்கும் பதில் வைத்திருக்கிறேன், ஆறாவதாக. அதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது ஐந்து இருக்கிறது. தெருவில் வண்டி எடுப்பதும் சேற்றோரம் பறவை எடுப்பதும் வேறு வேறு வேலை என்று நினைக்காதீர்கள். ஒன்றில் கற்றது மற்றதற்கு உதவும்.

1. நம் வெயிலின் நேரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்திய நேரம் கிழக்கே 82.5 பாகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. நாம் இருப்பது ஏறக்குறைய 92.7 பாகையில். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். ஆகவே நம் வானத்துச் சூரியன் கடிகாரத்துக்கு நாற்பது நிமிடம் முந்தி ஓடுகிறது. ஜூனில் காலை 5 மணிக்கெல்லாம் விடிந்துவிடும். நவம்பரில் மாலை 5 மணிக்குள் சூரியன் இறங்கிவிடும். சென்னையில் அச்சடித்த புத்தகத்தைப் பார்த்து, காலை ஏழு மணி வெயில் இளவெயில் என்று கிளம்பாதீர்கள். இங்கே ஏழு மணிக்கு வெள்ளை அம்பாசடரின் பானெட் கண்ணைக் கூசவைக்கும். கொக்கின் முதுகில் இறகு தெரியாமல் வெறும் வெள்ளையாகிவிடும். மாலை வேலை இருந்தால் மூன்றரைக்கே இடத்தில் இருங்கள். பள்ளி, கல்லூரி விட்டு வந்து எடுக்கலாம் என்றால் டிசம்பரில் வெளிச்சம் மிஞ்சாது. விடுமுறை நாளின் காலையை நம்புங்கள்.

2. வண்டியை எடுக்குமுன் வண்டியைப் படியுங்கள்.

அம்பாசடர் எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தால் நீங்கள் இன்னும் பார்க்கத் தொடங்கவில்லை. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் மூன்றாம் வரிசை வண்டியை அடியொற்றி, கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் கடைசியில் இதைச் செய்யத் தொடங்கியது. 2014 மே மாதம் அங்கே உற்பத்தி நின்றது. அத்தனை ஆண்டுகளிலும் உடம்பு பெரிதாக மாறவில்லை, முகம்தான் மாறியது. மார்க் 2 வண்டியின் முன்கிரில் நெருக்கமான சின்னக் கட்டங்கள். மார்க் 4-இல் கிரில் சிறுத்து, பார்க்கிங் விளக்கு சதுரமாகித் தனியே நின்றது. 1990களின் தொடக்கத்தில் ஐசுசு 1.8 லிட்டர் இன்ஜின் வந்தது. இதெல்லாம் தெரிந்தால் எங்கே கேமராவைத் திருப்புவது என்பது தானே தெரியும்.

நம் ஊர் வண்டிக்கு இன்னொரு பாடமும் உண்டு, துரு. தீவுக்கு வந்த வண்டி ஒவ்வொன்றும் கப்பலேறி வந்தது. வந்த நாள் முதல் உப்புக்காற்றில் நிற்கிறது. முதலில் போவது கதவின் கீழ்விளிம்பு, பிறகு சக்கரத்தின் மேல்வளைவு, பிறகு காலடித் தகடு. டிங்கரிங் செய்து பெயிண்ட் அடித்த இடத்தைப் பக்கவெயிலில் பாருங்கள், மேடுபள்ளம் தெரியும். அந்த வண்டி எத்தனை முறை பிழைத்தது என்பதை அந்த மேடுபள்ளம் சொல்லும். பளபளப்பான வண்டியை மட்டும் தேடுகிறவருக்கு இது கிடைக்காது.

3. பறவையையும் அப்படியே.

அந்தமான் கிளுவையை எடுத்துக்கொள்வோம். இந்தத் தீவுக்கூட்டத்தை விட்டால் உலகில் வேறெங்கும் வாழாத வாத்து அது. தூரத்தில் பார்த்தால் வெறும் பழுப்பு. பொறுத்துப் பார்த்தால் கண்ணைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம் தெரியும். சிலவற்றுக்கு அந்த வெள்ளை முகத்திலும் பரவியிருக்கும், ஒன்றைப்போல் ஒன்று இராது. ஆக, இந்தப் பறவையின் படம் கண்ணில் இருக்கிறது. கண் மங்கலாக விழுந்த படத்தை வைத்துக்கொண்டு பயனில்லை. பகலில் பட்ட மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் பழக்கமும் அதற்கு உண்டு. இது தெரியாதவர் தண்ணீரையே துழாவிக்கொண்டிருப்பார்.

செப்டம்பருக்குப் பிறகு வடக்கிலிருந்து உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் கோட்டான்களும் வந்து இறங்கும், ஏப்ரல் வாக்கில் கிளம்பிவிடும். எது நம்முடையது, எது விருந்தாளி என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். புறப்படும் முன் வயிறு நிறையத் தின்று கொழுப்பேற்றிக்கொள்ள வேண்டிய பறவையை நீங்கள் நாலு முறை கிளப்பிவிட்டால், அதன் பயணத்துக்கான உணவில் கைவைக்கிறீர்கள் என்று அர்த்தம்.

4. இடத்தை வெட்டி எறியாதீர்கள்.

மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். அம்பாசடரின் முகப்பை மட்டும் நெருக்கி எடுத்தால் அது டெல்லியிலும் எடுத்த படமாக இருக்கலாம், கல்கத்தாவிலும் எடுத்ததாக இருக்கலாம். இரண்டடி பின்னால் வாருங்கள். மேட்டுத் தெருவில் வண்டி உருளாமல் இருக்கப் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல் வரட்டும். மதிலுக்கு மேலே தெரியும் தகரக் கூரையும், காயப்போட்ட வலையும், ஜெட்டிப் பக்கத்துப் படகும் வரட்டும். அப்போது அது ஜங்லிகாட் வண்டி.

பறவைக்கும் இதேதான் கணக்கு. சிப்பிகாட்டில் இன்று கொக்கு நிற்கும் தண்ணீர் முன்பு வயலும் தோப்புமாக இருந்தது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் தரை ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. அந்தமானின் வடமேற்குக் கரையோ மேலே எழும்பியது. சுனாமி அலை வந்து திரும்பிப் போனது. தாழ்ந்த நிலத்தில் கடல்நீர் திரும்பிப் போகவில்லை. விளைந்த மண் உப்பேறிச் சதுப்பானது, தென்னைகள் நின்றபடியே பட்டுப்போயின. பிறகு பறவைகள் வந்தன. ஆகவே அங்கே பறவையின் பின்னால் நிற்கும் மொட்டைத் தென்னையைப் பின்னணிக் குப்பை என்று மங்கலாக்கிவிடாதீர்கள். ஒரு குடும்பத்தின் நிலம் போனதும் ஒரு பறவைக்கு வீடு கிடைத்ததும் அந்த ஒரே மரத்தில் இருக்கிறது. இந்த இரண்டையும் ஒரு சட்டத்துக்குள் கொண்டுவர முடிந்தவர் நல்ல படக்காரர். பறவை சிறியதாக விழுந்தாலும் பரவாயில்லை.

5. ஓதத்தைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

சதுப்பில் வெளிச்சத்துக்கு அடுத்த எஜமான் கடல்தான். நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் நன்றாக ஏறும், நன்றாக இறங்கும். சேறு திறக்கும்போது உள்ளான்கள் பரவி மேயும். தண்ணீர் ஏறும்போது கரையோரம் ஒதுங்கும். நீங்கள் நடந்து அவற்றிடம் போவதைவிட, ஏற்றம் அவற்றை உங்களிடம் தள்ளிக்கொண்டு வரும்வரை உட்கார்ந்திருப்பது மேல். காலை வெளிச்சமும் ஏறும் நீரும் சேர்ந்து வரும் நாட்களைக் காலண்டரில் முன்கூட்டியே குறித்து வையுங்கள். கணக்குத் தெரியாவிட்டால் ஜெட்டியில் எந்தப் படகுக்காரரை வேண்டுமானாலும் கேளுங்கள். பஞ்சாங்கம் பார்க்காமலே சொல்வார்.

6. லென்ஸ் பற்றி.

வண்டிக்கு 50 அல்லது 85 மில்லிமீட்டர் போதும். அகலக் கோண லென்ஸை வைத்துக்கொண்டு முகப்புக்கு மிக அருகில் போனால் மூக்கு உப்பி, பின்பக்கம் சிறுத்து, கேலிச்சித்திரமாகிவிடும். பறவைக்கு 400 மில்லிமீட்டராவது வேண்டும் என்பது உண்மை. ஆனால் 300 மட்டும் கையில் இருந்தால் அழ வேண்டாம். நான்காவது அறிவுரைக்கு அதுவே பொருத்தம். பறவை சின்னதாகவும் இடம் பெரிதாகவும் விழும். கடன் வாங்கி லென்ஸ் வாங்குகிறவர், கடன் முடியும்வரை எல்லாவற்றையும் நெருக்கியே எடுப்பார். போன் மட்டும் வைத்திருப்பவர் வண்டியிலிருந்து தொடங்குங்கள். அது நின்றுகொண்டிருக்கும்.

7. வண்டிக்கு உரியவரிடம் கேளுங்கள்.

தெருவில் நிற்கிறது என்பதால் அது பொதுச்சொத்தாகிவிடாது. நம் ஊரில் ஒரு தெருவில் தமிழ், தெலுங்கு, வங்காளம், மலையாளம் எல்லாம் உண்டு. எல்லோருக்கும் பொதுவாக இந்தி. "பையா, ஏக் ஃபோட்டோ லே லூன்?" என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? தமிழர் என்று தெரிந்தால் "அண்ணே, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். மறுத்தால் சிரித்துவிட்டு நகருங்கள். கேட்டதில் இன்னொரு லாபமும் இருக்கிறது: எந்த வருஷத்து வண்டி, யாரிடமிருந்து வாங்கியது, எந்தக் கப்பலில் வந்தது, எந்த உதிரிபாகம் கிடைக்காமல் அலைகிறார் என்றெல்லாம் அவரே சொல்வார். நிறையப் பேர் பார்க்கும்படி படத்தைப் போடுவதாக இருந்தால், வண்டி எண்ணை மறைக்கட்டுமா என்று அதையும் கேளுங்கள். கதவில் சாய்வது, பானெட்டில் கேமராப் பையை வைப்பது, பிள்ளைகளை மேலே ஏற்றிப் போஸ் கொடுக்க வைப்பது இதெல்லாம் கூடாது.

8. வண்டியின் கண்ணுயரத்துக்கு இறங்குங்கள்.

நின்றபடி எடுத்தால் கூரைதான் தெரியும். முட்டிபோட்டு, ஹெட்லைட் உயரத்துக்குக் கேமராவைக் கொண்டுவாருங்கள். அம்பாசடரின் மட்கார்டு வளைவும் பானெட்டின் நடுமேடும் அங்கிருந்துதான் உருவம் கொள்ளும். மேகமூட்டமான நாள் வண்டிக்கு நல்ல நாள். பெயிண்டின் மேல் வெயில் புள்ளி விழாது. மழை விட்ட பத்து நிமிடம் அதைவிட நல்லது. தார் ரோட்டில் விளக்கின் பிம்பம் விழும். நமக்கு மே கடைசி முதல் டிசம்பர் வரை மழைக்குப் பஞ்சமில்லை. குரோம் பம்பரைப் பார்த்து எடுக்கும்போது உங்கள் சட்டை அதில் தெரிகிறதா என்று பாருங்கள். அடர்நிறச் சட்டை போட்டுப் போனால் பாதித் தொல்லை தீரும். கண்ணாடியின் பளபளப்பை வெட்ட போலரைசிங் ஃபில்டர் உதவும். அதே ஃபில்டர் சதுப்பில் தண்ணீரின் மேல்மினுக்கையும் வெட்டும். இரண்டு வேலைக்கும் ஒரே செலவு.

9. பறவையின் கண்ணுயரத்துக்கு இறங்குமுன் தண்ணீரைப் பாருங்கள்.

உலகமெங்கும் பறவைப் படக்காரர்கள், சேற்றில் படுத்து எடு என்று சொல்வார்கள். இங்கே நான் சொல்ல மாட்டேன். நம் ஓடைகளில் இருப்பது உப்புநீர் முதலை. கார்பின்ஸ் கோவ் கடற்கரையிலும் வண்டூரிலும் எச்சரிக்கைப் பலகை வைத்திருப்பது அழகுக்காக இல்லை. 2010-இல் ஹேவ்லாக்கில் ஒரு வெளிநாட்டுப் பயணியை முதலை கொன்றது. லோஹாபாரக்கில் முதலைகளுக்கென்றே சரணாலயம் இருக்கிறது. முதலைக்கு அந்தச் சரணாலயத்தின் எல்லை எது என்று தெரியாது. ஆகவே அலையாத்தி மரங்களின் ஓரத்தில், கலங்கிய தண்ணீரை ஒட்டி, கண்ணை வ்யூஃபைண்டரில் வைத்துக்கொண்டு தனியாக உட்காராதீர்கள். ரோட்டோரத்தில், வண்டிக் கதவின் கண்ணாடியை இறக்கி, அதன் விளிம்பில் ஒரு பருப்புப் பையை வைத்து லென்ஸைத் தாங்குங்கள். மனிதன் நடந்து வந்தால் பறக்கும் பறவை, நின்ற வண்டியைப் பொருட்படுத்தாது. பழைய வண்டிக்கும் பறவைக்கும் உள்ள உறவில் எனக்குப் பிடித்தது இதுதான்.

10. வெள்ளையையும் கறுப்பையும் கேமராவிடம் விடாதீர்கள்.

ஜங்லிகாட்டில் மீன் இறங்கும் நேரத்தில் கரைக்கொக்குகளைப் பாருங்கள். ஒரே இனம், இரண்டு நிறம்: ஒன்று தூய வெள்ளை, ஒன்று கரும்சாம்பல். இரண்டும் பக்கத்தில் நிற்கும். இலவசமாகக் கிடைக்கும் பள்ளிக்கூடம் அது. கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கவே முயலும். இருண்ட அலையாத்திக்கு முன் நிற்கும் வெள்ளைக் கொக்கை அதன் போக்கில் விட்டால் இறகெல்லாம் வெளிறிவிடும். வெளிச்ச ஈட்டை முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் குறையுங்கள். கறுத்த கொக்கு பளிச்சென்ற தண்ணீருக்கு முன் நின்றால் கூட்டுங்கள். இதைப் பழகியவருக்கு நிழலில் நிற்கும் வெள்ளை அம்பாசடரும் வெயிலில் நிற்கும் கறுப்பு ஜீப்பும் சுலபம்.

ஷட்டர் வேகத்தையும் கேமராவிடம் விடாதீர்கள். ஓடும் வண்டியை எடுக்க நொடியில் முப்பதில் ஒரு பங்கு, அறுபதில் ஒரு பங்கு என்று மெதுவாக வைத்து, வண்டியோடு உடம்பையும் திருப்புங்கள். வண்டி நிற்கும், தெரு ஓடும். பறக்கும் கிளுவைக்கு ஆயிரத்து அறுநூறில் ஒரு பங்காவது வேண்டும்.

11. கூப்பிட்டு ஏமாற்றாதீர்கள்.

சிடியாத்தாப்புவில் இருட்டியதும் போனில் ஆந்தைக் குரலைப் போட்டு ஆந்தையை வரவழைக்கும் பழக்கம் இருக்கிறது. தன் எல்லைக்குள் வேறொருவன் வந்துவிட்டான் என்று நினைத்துத்தான் அது வருகிறது. இரையையும் கூட்டையும் விட்டுவிட்டு வருகிறது. ஒவ்வொரு மாலையும் ஒவ்வொரு கூட்டம் இப்படிக் கூப்பிட்டால் அந்தப் பறவை எப்போது வேட்டையாடும்? குரல் போடாதீர்கள். போடும் வழிகாட்டியிடம் மரியாதையாக வேண்டாம் என்று சொல்லுங்கள். கூட்டின் அருகே போகாதீர்கள், கிளையை ஒதுக்காதீர்கள், ஃபிளாஷ் அடிக்காதீர்கள். வண்டிக்காரரிடமாவது அனுமதி கேட்கலாம். பறவையிடம் கேட்க முடியாது. அது எழுந்து பறந்தால் மறுத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

12. கேமரா உறையில் இருக்க வேண்டிய இடங்கள்.

நம் ஊர் கடற்படை ஊர். விமான நிலையத்தைச் சுற்றியும், கடற்படைத் தளங்கள், கப்பல் பட்டறைகள் பக்கமும் படம் எடுக்காதீர்கள். நல்ல ஜீப் நின்றாலும் எடுக்காதீர்கள். அனுமதியில்லாமல் டிரோன் பறக்கவிடாதீர்கள். வண்டூரில் உள்ள மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்கா 1983-இல் ஏற்பட்டது. அங்கிருந்து ஜாலி பாய் அல்லது ரெட் ஸ்கின் தீவுக்கு அனுமதிச் சீட்டோடுதான் படகேற வேண்டும், பிளாஸ்டிக் கொண்டுபோக முடியாது.

எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று. ஜிர்காதாங் செக்போஸ்ட்டைத் தாண்டி டிரங்க் ரோட்டில் போகும்போது ஜாரவா மக்களைப் படம் எடுக்கவே கூடாது. 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை இருக்கிறது, 2012 திருத்தத்தில் தண்டனை கடுமையானது, சிறைவரை போகும். சட்டம் இல்லாவிட்டாலும் கூடாது. காட்டுயிர் எடுக்கிற லென்ஸை மனிதர்மேல் திருப்புகிறவன் எனக்குச் சிஷ்யன் இல்லை.

13. ஈரம் உங்கள் லென்ஸைத் தின்னும்.

ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் தீவில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பது பெரிய அதிசயம் இல்லை. தோல்பையிலும் அலமாரியிலும் பூட்டி வைக்காதீர்கள். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். அது நிறம் மாறினால் வறுத்துக் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். ஏசி அறையிலிருந்து நேரே வெளியே வந்தால் கண்ணாடியில் பனி மூடும். கிளம்புவதற்கு அரைமணி முன்பே பையோடு வராந்தாவில் வைத்துவிடுங்கள். ஜெட்டியில் எடுத்துவிட்டு வந்தால், நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமரா உடம்பைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். உப்பை வெறும் துணியால் தேய்த்தால் கீறும்.

14. சென்னைக்குக் கப்பலேறினால்.

உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் ஒரு காலை பள்ளிக்கரணைக்கு ஒதுக்குங்கள். அது 2022-இல், உலகின் முக்கியச் சதுப்புநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஒரு பக்கம் ஐடி கட்டடங்கள், ஒரு பக்கம் குப்பைமேடு, நடுவே பறவைகள். நான்காவது அறிவுரையைப் பழக அதைவிட நல்ல இடம் கிடையாது. பழைய வண்டிகளுக்குச் சென்னையில் ஹெரிடேஜ் கார் ஊர்வலம் நடக்கும் நாளை விசாரியுங்கள். வண்டலூர்ப் பக்கம் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு அங்கே வந்தால் தவறவிடாதீர்கள்; அது அந்த மண்ணின் வண்டி. கோயம்புத்தூரில் ஜிடி கார் மியூசியமும் இருக்கிறது. ஆனால் மியூசியத்து வண்டி துடைத்து வைத்த வண்டி. தெருவில் நிற்பதையே முதலில் எடுத்துப் பழகுங்கள்.

15. குறித்து வையுங்கள், கொடுத்துவிட்டு வாருங்கள்.

தேதி, நேரம், இடம், வண்டியின் மாடல், பறவையின் பெயர், எத்தனை பறவை: அன்று இரவே எழுதுங்கள். போர்ட் பிளேர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவு ஆகிவிட்டது. ஊர்ப்பெயரே மாறும்போது, எந்த மதகுக்குப் பக்கத்தில், எந்தக் கடைக்கு எதிரே என்றும் சேர்த்து எழுதினால்தான் நாளைக்குப் புரியும். பறவைக் கணக்கை ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றுங்கள். சிப்பிகாட்டில் கிளுவை கூடுகிறதா குறைகிறதா என்று பார்ப்பவருக்கு உங்கள் மங்கலான படம்கூட உதவும்.

வண்டிப் படத்தை ஸ்டூடியோவில் கொடுத்து ஒரு பிரிண்ட் போட்டு, உரியவர் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு அனுப்பாதவர்கள் இந்தத் தெருவில் ஏற்கெனவே நிறையப் பேர் வந்துபோயிருக்கிறார்கள். சொன்னபடி கொடுத்தவருக்கு அடுத்த முறை வண்டியை வெளியே எடுத்து, துடைத்து, வெயில் பார்த்துத் திருப்பியும் நிறுத்திக் கொடுப்பார்கள்.